பொம்மைக்குக் கருவளையம் தீட்டுவோம்

எங்களின் முதல் மண்ணிறத் தலையை நான்கு தரம் கழுவினோம். ஒவ்வொரு தரமும் தீட்டி முடித்து, யன்னலடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே கோலம்தான்: விபூதி பூசிவிட்ட மாதிரி ஒரு முகம். "காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறாள்" எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். "இல்லையடி, மாச்சட்டிக்குள்ள விழுந்து எழும்பினவள்" எண்டு மற்றவள். சிரித்தோம், பிறகு திரும்பவும் கழுவினோம். அதற்கு முதல் இரண்டு வெள்ளைத் தலைகளில் இதே கைகளும் இதே பிரஷ்களும் வடிவாக வேலை செய்திருந்தன. ஆகவே பிழை எங்கட கையிலா, அந்தத் தலையிலா எண்டு கொஞ்ச நாள் குழம்பிப்போய் இருந்தோம்.

இரண்டிலும் இல்லை, நாங்கள் பழகிய ஒழுங்கில்தான் பிழை என்பது இப்போது எங்கள் கட்சி. அதைத்தான் இங்கே வாதாட வந்திருக்கிறோம்.

இந்தப் பொம்மைகளை அறியாத ஆட்களுக்காகக் கொஞ்சம். பி.ஜே.டி எண்டு சுருக்கமாகச் சொல்லப்படும் இவை, பொலியுரேத்தேன் ரெசினை அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. மூட்டுகள் பந்து வடிவானவை. உடம்புக்குள்ளால் ஓடுகிற இழுபடும் நாடாதான் கை, கால், தலை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். யப்பானின் கியோட்டோவில் இருக்கும் வோக்ஸ் எனும் மொடல் கிற் நிறுவனம் 1999 இல் 'சுப்பர் டொல்ஃபி' என்ற பெயரில் கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர் உயரப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. பிறகு தென் கொரியாவிலும் சீனாவிலும் இருந்து ஏராளமான சிறு நிறுவனங்கள் வந்தன. பெரிய பொம்மை ஒன்று பல நூறு டொலர். 2022 இல் டொலரே இல்லாமல் நின்ற நாட்டிலிருந்து இதைச் சொல்லும்போது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் உடம்பு இல்லாமல், சேர்ந்து காசு போட்டு, தலைகளை மட்டும் வாங்குகிறோம்.

தலை வெறுமையாகவே வரும். கண், மயிர் எல்லாம் வேறு வேறு. மண்டையின் பின்மூடியைக் கழற்றி, கண்ணாடிக் கண்ணை உள்ளே வைத்து, களிம்பால் ஒட்டவேண்டும். ஆகவே முகம் தீட்டுகிறவருக்குக் கண்மணி வரைகிற வேலை கிடையாது. இமை, புருவம், உதடு, கன்னம், தோலின் நிற வேறுபாடு, இவ்வளவுதான் அவரின் நிலம். ஒரே அச்சில் வந்த இரண்டு தலைகளில் ஒன்று சோகமாகவும் மற்றது நக்கலாகவும் தெரிவது இந்தச் சின்ன நிலத்தில் நடக்கிற வேலையால்தான்.

வழக்கமான ஒழுங்கு இது. சவர்க்காரமும் பழைய பற்தூரிகையும் கொண்டு அச்செண்ணெய் போகக் கழுவி உலர்த்துவது. மங்கலான சீலர் ஸ்பிரேயை மெல்லிசாக அடிப்பது; அது காய்ந்தால் வழுவழுப்பான ரெசினில் ஒரு சொரசொரப்பு வரும், தூள் பிடிக்கும். பிறகு சோக் பஸ்டலைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, மென்மையான பிரஷால் கண்குழி, மூக்கோரம், கன்னம், உதட்டுக்குக் கீழ் எண்டு நிழல் கொடுப்பது. திரும்ப ஸ்பிரே. அதற்கு மேல் வோட்டர்கலர் பென்சிலாலோ தண்ணீர் கூட்டின அக்ரிலிக்காலோ புருவ மயிர், இமை மயிர், உதட்டு ரேகை. திரும்ப ஸ்பிரே. ஒவ்வொரு படையும் அடைபட்டிருப்பதால் மேல்படையில் பிழை விட்டால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், கீழே உள்ளது தப்பும். கடைசியில் உதட்டிலும் கண் ஓரத்திலும் மட்டும் மினுக்கம். (ஸ்கூலில் பாவிக்கிற ஒயில் பஸ்டல் இதற்கு உதவாது. எங்களுக்கு அது தெரிய ஒரு தலை செலவானது.)

இந்த ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வருகிற நிறங்களின் பட்டியல் இருக்கிறதே, அதுதான் வெள்ளை ரெசினுக்கு எண்டு அளவெடுத்துத் தைத்த சட்டை. கன்னத்துக்கு ரோஸ், மூக்கு நுனிக்கு ரோஸ், கண்குழிக்கு இளம் மண்ணிறம், வெளிச்சம் விழுகிற இடத்துக்கு வெள்ளை. மண்ணிறத் தலைக்கு என்ன செய்வது எண்டு கேட்டால் வருகிற மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "அதே மாதிரித்தான், கொஞ்சம் கடுமையாப் போடுங்கோ."

கடுமையாகப் போட்டோம். அதுதான் மாச்சட்டி.

ஏன் எண்டு பிறகுதான் தெண்டிச்சு விளங்கிக்கொண்டோம். இளம் ரோஸ் எண்டு ஒரு தனி நிறப்பொருள் இல்லை, அது சிவப்போடு கலந்த வெள்ளை. பெட்டியில் இருக்கிற இளம் நிறக் குச்சிகள் எல்லாவற்றிலும் வெள்ளைதான் கூட. வெள்ளை ரெசினில் அந்த வெள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சிவப்பு மட்டும் நிற்கும். மண்ணிறத்தில் நேர்மாறு: சிவப்பு கரைந்துபோகும், வெள்ளைத் தூள் சாம்பலாக மேலே கிடக்கும். எவ்வளவு கடுமையாகப் போடுகிறோமோ அவ்வளவு சாம்பல். மண்ணிறத்தில் நாணம் வர வேண்டுமெண்டால் வெள்ளை கலவாத நிறங்களுக்குப் போகவேண்டும்: சுட்ட சியன்னா, அடர் சிவப்பு, கத்தரிப்பூ ஊதாவின் கடும் வகை. வெளிச்சத்துக்கு வெள்ளையை எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் காவி. சியன்னா, அம்பர், காவி மூன்றும் இரும்பு ஒட்சைட்டால் நிறம் பெற்ற மண்கள். குடாநாட்டுச் செம்மண்ணுக்கும் அதே இரும்புதான் நிறம் கொடுக்கிறது. எங்கட முகத்துக்குப் பொருந்துகிற நிறம் தோட்டத்து மண்ணிலேயே கிடக்குது எண்டு ஒருநாள் கொஞ்சம் கவித்துவமாகக் கூடக் கதைத்தோம். ஆனால் தோட்டத்து மண்ணைப் பொம்மைக்குப் பூசவேண்டாம், கல் இருக்கும், ரெசின் கீறுப்படும்.

சீலரும் இதே விளையாட்டைத்தான் விளையாடுகிறது. காற்றில் ஈரப்பதன் கூடினால் ஸ்பிரே காயும்போது வெண்பனி போல ஒரு பூப்பு விழும். வெள்ளைத் தலையில் அது விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. மண்ணிறத் தலையில் ஒரு புள்ளி விழுந்தாலும் தெரியும். உரஞ்சுகடதாசி போட்ட இடமும் அப்படித்தான், மண்ணிறத்தில் வெளிறின கீறலாக நிற்கும். ஆக, வெள்ளை ரெசின் எங்கட பிழைகளை மூடி மறைக்கிறது, மண்ணிறம் ஒன்றையும் மறைக்காது. முன்னேற விரும்புகிற ஆளுக்கு எது நல்ல வாத்தியார்?

தொழில்நுட்பத்துக்கு நிறம் கிடையாது எண்டு நினைக்கிறவர்களுக்கு ஃபிலிம் காலத்துக் கதை ஒன்று இருக்கிறது. கொடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஃபோட்டோ லாப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷேர்லி அட்டை' எண்டு அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற இருட்டுக்களாக விழுந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா றோத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கறுத்த முகத்துக்காக ஃபிலிமைத் திருத்த வேண்டும் எண்டு அங்கே யாருக்கும் அவசரம் வரவில்லை. சொக்லேற் கொம்பனிகளும் மரத் தளபாடக் கொம்பனிகளும் தங்கட மண்ணிறங்களுக்கு இடையிலான வித்தியாசம் படத்தில் விழவில்லை எண்டு முறைப்பட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. சொக்லேற்றுக்குக் கிடைத்த மரியாதை!

பொம்மை செய்கிற ஆட்கள் யாரையும் இதற்காகக் குற்றம் சாட்ட நாங்கள் வரவில்லை. யப்பானியப் பொம்மைக்கு வெள்ளை முகம் நீண்ட மரபு. சிப்பி ஓட்டை அரைத்த தூளை மிருகப் பசையோடு குழைத்து, படை படையாகப் பூசி, மெருகேற்றி எடுக்கிற 'கோஃபுன்' முகங்களைப் படத்தில் பார்த்தாலே அந்த வெள்ளையின் ஆழம் விளங்கும். ரெசின் பொம்மைக்காரர் அந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணோடு வந்தது இயல்பு. அவர்களின் கண் அவர்களுக்கு. எங்கட கண்ணை ஏன் வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஐந்தாம் தரம் தீட்டுவதற்கு முதல் நாங்கள் செய்தது ஒரு சின்ன வேலை. பஸ்டல் பெட்டியை மூடிவிட்டு, ஒருவரை ஒருவர் யன்னலடியில் இருத்திப் பார்த்தோம். முதல் பத்து நிமிசம் சிரிப்புத்தான். பிறகு எழுதத் தொடங்கினோம். நெற்றி கன்னத்தைவிடக் கறுப்பு. வாயைச் சுற்றி ஒரு நிழல், மேலுதட்டுக்கு மேல் இன்னும் கடுமை. கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் மட்டும் இளகின நிறம், அதுவும் வெள்ளை இல்லை, தேன். மேலுதடு கிட்டத்தட்ட ஊதா கலந்த மண்ணிறம், கீழுதட்டின் ஓரம் மண்ணிறம், நடுவில் மட்டும் ரோஸ். வெட்கப்பட்டால் கன்னம் சிவப்பதில்லை, ஆழமாகிறது. கண்ணைச் சுற்றி, எல்லாருக்கும், வித்தியாசம் வித்தியாசமான அளவில், கருவளையம்.

எழுதின தாளைத் திரும்பப் பார்த்தபோது ஒரு விசயம் உறைத்தது. அதில் இருந்த அநேகமான வரிகள், பதின்மூன்று வயசிலிருந்து எங்களை மறைக்கச் சொல்லி வந்தவை. வாயோரக் கறுப்புக்குக் கடலைமா, கருவளையத்துக்கு வெள்ளரிக்காய், உதட்டுக் கறுப்புக்கு லிப்ஸ்டிக், முழு முகத்துக்கும் கிறீம். பெயர்போன கிறீம் ஒன்று 2020 இல் 'ஃபெயார்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்தது. ஆனால் கலியாண வீட்டில் "கறுப்பு எண்டாலும் வடிவு" எண்டு சொல்கிற மாமியின் வாயிலிருந்து அந்த 'எண்டாலும்' இன்னும் போகவில்லை.

ஆனால் பொம்மையில் நடந்தது வேறு. ஐந்தாம் தரம் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துத்தான் தீட்டினோம். கண்குழியின் உள்மூலையில் அடர் ஊதாவும் அம்பரும் கலந்து கருவளையம் போட்டோம். வாயோரத்தில் நிழல் விட்டோம். மேலுதட்டைக் கறுக்கவிட்டோம். அதுவரை பிளாஸ்ரிக் மாதிரி இருந்த தலை அந்த இடத்தில்தான் முதல்முறை எங்களைத் திரும்பிப் பார்த்தது. மறைக்கச் சொன்னவைதான் முகத்துக்கு உயிர். ஒரே நிறமாகப் பூசின தோல் எந்த நிறத்திலும் செத்த தோல்தான். வெள்ளைத் தலை தீட்டுகிற கெட்டிக்காரர் இதை நன்றாக அறிவார்கள். இமையில் நீல நரம்பு, மூக்கில் சிவப்பு, கன்னத்தில் புள்ளி எண்டு ஒழுங்கீனங்களைத் தேடித் தேடி வைப்பார்கள். எங்கட முகத்து ஒழுங்கீனங்கள் வேறு, அவ்வளவுதான்.

இனி, கை வேலை. புருவம் எங்களுக்கு இன்னும் பெரிய தலையிடி. மண்ணிறத் தோலில் கறுப்பு வர்ணத்தை நேரே எடுத்தால் ஸ்ரிக்கர் ஒட்டின மாதிரி தட்டையாக இருக்கும். அம்பரோடு கருநீலம் கலந்து, கறுப்புக்குக் கிட்டப் போய் நிற்கிற ஒரு நிறம் எடுங்கள். முதலில் தூளால் புருவத்தின் நிழலை மட்டும் போடுங்கள், மயிரை அதற்கு மேல். மூக்குப் பக்க மயிர் மேல் நோக்கி எழும்பும், நடுவில் சரியும், வால் பக்கத்தில் மேல்வரிசை கீழ்நோக்கி வளைந்து கீழ்வரிசையைச் சந்திக்கும். இதை ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை, பக்கத்தில் இருக்கிற சிநேகிதியின் புருவத்தைப் பார்த்தால் காணும். கோட்டை ஒரே மூச்சில் இழுங்கள். நடுவில் யோசித்தால் கை நடுங்கும்.

மூக்கு அகலமாக வேணுமெண்டால் பக்க நிழலை அச்சு சொல்கிற இடத்திலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளுங்கள். உதடு தடிப்பாக வேணுமெண்டால் நிறத்தை அச்சின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை வெளியே கொண்டுபோங்கள். வர்ணத்தால் அச்சை முழுக்க மாற்ற முடியாது, ஆனால் ஏமாற்றலாம். அடிக்கடி ஃபோனில் படமெடுத்து, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். நிறம் கண்ணை மயக்கும், கறுப்பு வெள்ளை மயக்காது. நாங்கள் 'ஆழமான சிவப்பு' எண்டு பெருமைப்பட்ட ஒரு கன்னம், கறுப்பு வெள்ளையில் அடிகாயமாகத் தெரிந்தது.

காசு செலவழிக்காமல் பழக ஒரு வழி: கொப்பிக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பர். வெள்ளைத் தாளில் முகம் வரையப் பழகினால் நிழல் மட்டும்தான் பழகுவோம், தாளே வெளிச்சமாகிவிடும். பிறவுண் பேப்பரில் நடு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. நிழலை ஒரு பக்கமும் வெளிச்சத்தை மறு பக்கமும் நாங்களே தேடவேண்டும். மண்ணிறத் தலையில் செய்வதும் சரியாக இதைத்தான். தலை வாங்கக் காசில்லாத எங்களில் ஒருத்தி ஆறு மாசம் உறைத்தாளில்தான் தீட்டினாள். இப்ப எங்களில் அவளுக்குத்தான் கை திறம்.

இன்னொரு பக்கத்துப் பொறியையும் சொல்லவேண்டும். 'தமிழ்ப் பொம்மை' செய்கிறோம் எண்டு பொட்டும் மூக்குத்தியும் மல்லிகையும் பட்டுத்துணியும் வைத்துவிட்டு, முகத்தை அதே ரோஸ் கன்னத்தோடு விட்டுவிடுவது. எங்களின் மூன்றாம் தலை அப்படித்தான் வந்தது, இப்ப பார்க்க வெட்கமாக இருக்கிறது. அது வேஷம். பொட்டைக் கழற்றினால் ஆள் மாறிவிடுவாள்.

"பொம்மைதானே, இதுக்குள்ளயும் நிற அரசியலா?" எண்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கட குழுவுக்குள்ளேயே ஒருவர் அப்படித்தான் கேட்டார், அவர் நீலத் தோல் வனதேவதைகள் மட்டும் தீட்டுகிற ஆள். அவரை நாங்கள் மண்ணிறத்துக்கு இழுக்கவில்லை. ஆசைக்குத்தான் பொம்மை, கடமைக்கு இல்லை. தொடங்குகிற ஆளுக்கு வெள்ளை ரெசின் லேசு என்பதும் உண்மை, மறுக்கவில்லை. எங்கட வாதம் சிறியது: முன்னேற்றம் எண்டு நாங்கள் அளக்கிற கோல் வெள்ளைத் தலையில் மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், ஐந்து வருசம் பழகின பிறகும் பக்கத்தில் இருக்கிற தங்கச்சியின் முகத்தைத் தீட்டத் தெரியாத கையோடு இருப்போம். அது கலையாகவும் நட்டம். இன்னும் ஒன்று. எங்களில் ஒருத்தியின் ஏழு வயசு மருமகள் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "உவளுக்கும் என்ர மாதிரிக் கண்" எண்டாள். கருவளையத்தைத்தான் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, விளையாடப் போய்விட்டாள். எங்களுக்கு அண்டைக்கு வேறு வேலை ஓடவில்லை.

சுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெண்டால் இதில் பலர் அசட்டை. கோவிட் காலத்து முகக்கவசம் சீலர் ஸ்பிரேயின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பூட்டின கவசம் வேண்டும், திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. ரெசினை உரஞ்சினால் நனைத்து உரஞ்சுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. அசிற்றோனால் துடைக்காதீர்கள், ரெசினையே தின்னும். சீலர் எடுப்பதும் எங்களுக்குக் கஷ்டம்தான், ஸ்பிரே ரின்களை விமானத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள். ஒருதரம் ஹாட்வெயார் கடையில் கார்களுக்கு அடிக்கிற கிளியர் லக்கர் வாங்கி அடித்துப் பார்த்தோம். பொம்மை வெயிலில் நிற்கிற வான் மாதிரி மினுங்கியது. தண்ணீரில் கலக்கிற மங்கல் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிசாக ஒற்றி எடுப்பது நேரம் தின்னும், ஆனால் நெஞ்சுக்கும் பொக்கெற்றுக்கும் நல்லது.

ஸ்பிரேதான் அடிப்பது எண்டால் காலநிலையைப் பாருங்கள். வடக்கில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் ரின்னைத் தொடவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் சரிவராது, நல்ல வெயில் ஏறின மத்தியான நேரம்தான் காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும். பூப்பு விழுந்துவிட்டால் உடனே கழுவ ஓடாதீர்கள், உலர்ந்த நாளொன்றில் இன்னொரு மெல்லிய படை அடித்துப் பாருங்கள், சிலவேளை கரைந்துபோகும்.

நான்கு தரம் கழுவின தலைக்குக் கருவளையமும் உதடும் வந்துவிட்டன. இடப்பக்கப் புருவம் மட்டும் இன்னும் ஒரு மயிரிழை மேலே நிற்கிறது, இறக்குவதா விடுவதா எண்டு சண்டை நடக்கிறது. வெளியே மழை. கடைசிச் சீலரை மாசி வெயிலுக்கு வைத்திருக்கிறோம், அதுவரை அவள் பிஸ்கற் ரின்னுக்குள், பஞ்சுக்கு மேல்.